அந்த மண்டபத்துக்குள் நாமும் போக வேண்டும்!

(கோவையில் மில் தொழிலாளர்களும், சுற்றுக் கிராமங்களின் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சில நாட்களுக்கு முன் ஒரு மில் தோழர் என்னிடம் ஒரு நோட்டீசைக் காட்டினார். பாலிடெக்னிக் படித்த அவருடைய மகன் அதைக் கொண்டுவந்திருந்தான். கோவையில் நடக்கும் தொழில்முனைவோர் சந்திப்பு ஒன்றுக்கான அழைப்பு அது. தோழர் சொன்னார்: "இது பணக்காரர்கள் கூடுகிற கச்சேரி. பையன் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். நமக்கு அங்கே என்ன வேலை?"

நமக்கு அங்கே வேலை இருக்கிறது, நிறைய வேலை இருக்கிறது என்று அவருக்கு அன்று சுருக்கமாகச் சொன்னேன். ஏன் என்பதை இன்று உங்களிடம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் ஊரில் இப்போது இப்படிப்பட்ட கூட்டங்கள் பெருகிவிட்டன. கல்லூரிகளில் நடக்கிறது, ஓட்டல் மண்டபங்களில் நடக்கிறது. அவினாசி சாலைக்குப் பக்கத்தில் உள்ள கொடிசியா வளாகத்தில் யந்திரக் கண்காட்சியும், விவசாயக் கண்காட்சியும் நடக்கின்றன. 2025 அக்டோபர் 9, 10 தேதிகளில் மாநில சர்க்காரே அங்கே உலகப் புத்தொழில் மாநாட்டை நடத்திற்று. அதே 9-ம் தேதிதான் அவினாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் நீள மேம்பாலம் ஜி.டி. நாயுடு பெயரில் திறக்கப்பட்டது. ஊர் வளருகிறது. ஆனால் வளருகிற ஊரில் நம்முடைய இடம் எது? இதுதான் கேள்வி.

உள்ளே என்ன நடக்கிறது?

முதலில் அந்த மண்டபத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். தெரியாத விஷயத்தைக் கண்டு மலைக்கவும் வேண்டாம், பழிக்கவும் வேண்டாம்.

புதிய தொழில் தொடங்க நினைக்கிற இளைஞர்கள் வருகிறார்கள். பணம் போட ஆசைப்படுகிறவர்கள் வருகிறார்கள். ஒவ்வொரு இளைஞனுக்கும் ஐந்து நிமிஷமோ பத்து நிமிஷமோ தருகிறார்கள். அதற்குள் தன் யோசனையைச் சொல்லிவிட வேண்டும். பிடித்திருந்தால் பணம் தருவார்கள். இந்தப் பணம் கடன் ஆகாது. கம்பெனியில் பங்கு வாங்குகிறார்கள். லாபம் வந்தால் அந்தப் பங்கின் மதிப்பு பல மடங்கு பெருகும். கம்பெனி கவிழ்ந்தால் அவர் பணம் போயிற்று. அங்கே வேலை செய்தவனுக்கோ வேலையே போயிற்று!

'இன்குபேட்டர்' என்று ஒரு வார்த்தை அடிக்கடி காதில் விழும். கோழிக் குஞ்சு பொரிக்கும் பெட்டிக்கும் அதே பெயர்தான். புதிய கம்பெனிக்கு மேஜை, நாற்காலி, யந்திர வசதி, ஆலோசனை எல்லாம் கொடுத்துக் கதகதப்பாக வளர்க்கிற இடம் அது. நம் விவசாயப் பல்கலைக்கழகத்தில் அப்படி ஒன்று உண்டு. பி.எஸ்.ஜி. கல்லூரியில் உண்டு. இவற்றுக்கு மத்திய சர்க்காரின் உதவிப் பணம் வந்திருக்கிறது. மத்திய சர்க்கார் 2016 ஜனவரி 16-ல் 'ஸ்டார்ட்அப் இந்தியா' திட்டத்தைத் தொடங்கிற்று. மாநில சர்க்காரும் தனி இயக்கம் வைத்திருக்கிறது.

சர்க்கார் பணம் என்றால் யாருடைய பணம்? நாம் வாங்குகிற சோப்புக்கும் செருப்புக்கும் கட்டுகிற வரிப்பணம். நம் பணம் போன இடத்துக்கு நாம் போகக் கூச்சப்படலாமா?

இந்த ஊரை ஆக்கியது யார்?

தோழர்களே, தொழில்நுட்பம் கோவைக்கு நேற்று வந்த விருந்தாளி ஆகாது. 1888-ல் ஸ்டேன்ஸ் துரையின் மில் இங்கே வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் மலையிலிருந்து இறங்கியதும் மில்கள் பெருகின. மில்லில் உடைந்த பல்சக்கரத்தை வார்க்க வார்ப்படப் பட்டறை வந்தது. கடைந்து கொடுக்க லேத் வந்தது. நம் பக்கத்துக் கிணறுகள் ஆழமானவை. கவலை ஓட்டி மாடும் மனிதனும் களைத்த பூமி இது. அந்தத் தண்ணீரை மேலே கொண்டுவர மோட்டாரும் பம்பும் தேவைப்பட்டன. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இங்கேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள். 1955-ல் சபாபதி என்பவர் மாவரைக்கும் கிரைண்டரை யந்திரத்தால் ஓட்டிக் காட்டினார். அந்தக் கிரைண்டருக்கு 2005-06-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இவர்களின் பெருமையை நான் குறைக்கவில்லை. ஜி.டி. நாயுடு இளமையில் ஓட்டலில் பரிமாறி வேலை செய்து காசு சேர்த்தவர். உழைப்பின் அருமை தெரிந்தவர். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த மோட்டாரின் கூட்டை வார்த்தவன் பெயர் என்ன? ஊத்துக்குளிக் கல்லைக் கொத்திக் கிரைண்டர் கல்லாக்கியவன் பெயர் என்ன? எந்தப் பம்பு எந்த ஆழத்தில் மக்கர் செய்கிறது என்று முதலில் கண்டுபிடித்துச் சொன்ன பண்ணையாள் பெயர் என்ன? எந்தப் பாலத்திலும் அந்தப் பெயர்கள் இல்லை.

என் கண்முன் நடந்ததைச் சொல்கிறேன். நான் மில்லில் இருந்தபோது வைண்டிங் மிஷினில் நூல் ஓயாமல் அறுந்துகொண்டிருந்தது. பஞ்சு மோசம் என்றார்கள், தொழிலாளி கவனமில்லை என்றார்கள். எங்கள் பிட்டர் ஒருவர் இரண்டு நாள் மிஷினையே பார்த்துக்கொண்டு நின்றார். நூல் ஓடி ஓடி, அதைத் தாங்கும் கம்பியில் மயிரிழை போல ஒரு பள்ளம் விழுந்திருந்தது. பழைய மிஷினிலிருந்து ஒரு பீங்கான் துண்டை எடுத்து அந்த இடத்தில் பொருத்தினார். அறுப்பு நின்றது. சில மாதம் கழித்து ஒரு கூட்டத்தில் மேலதிகாரி அதைத் தன் யோசனை என்று விளக்கிக் கைதட்டு வாங்கினார். பிட்டருக்குக் கிடைத்தது ஒரு டீயும் ஒரு வடையும். அதிகாரி பெயரும் மில் பெயரும் வேண்டாம். இப்படி நடக்காத மில் உண்டா என்று நீங்களே சொல்லுங்கள்!

நம் வீட்டிலிருந்தும் ஒருவர்

அருணாசலம் முருகானந்தம் என்ற பெயரைப் பலர் கேட்டிருப்பீர்கள். தகப்பனார் கைத்தறி நெசவாளி. சாலை விபத்தில் மாண்டார். தாயார் விவசாயக் கூலி வேலைக்குப் போனார். பையன் 14 வயதில் பள்ளியை விட்டான்; வெல்டிங் பட்டறையில் வேலை கற்றான். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் கிழிசல் துணியோடு படும் அவதியைத் தன் வீட்டிலேயே பார்த்தார். குறைந்த செலவில் நாப்கின் செய்யும் சிறு யந்திரத்தைப் பல ஆண்டு பாடுபட்டுச் செய்தார். ஊர் சிரித்தது; உறவே விலகி நின்றது. 2006-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் யந்திரத்தைக் காட்டினார். அதன் பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. 2016-ல் பத்மஸ்ரீ விருது வந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கூலிக்காரத் தாயின் மகன் மூளையிலிருந்தும் யந்திரம் பிறக்கும். இரண்டு, அந்த யந்திரத்தை அவர் பெரிய கம்பெனிக்கு மொத்தமாக விற்றுவிடவில்லை. சுய உதவிக் குழுப் பெண்கள் தாங்களே தொழில் நடத்தக் கொடுத்தார்.

யந்திரம் பகையா?

ஒரு கண்காட்சியில் நான் பார்த்த காட்சி மறக்கவில்லை. ரிங் பிரேமில் நிறைந்த பாபினைத் தானே கழற்றி, வெறும் பாபினைத் தானே மாட்டுகிற யந்திரத்தை ஓட்டிக் காட்டினார்கள். அழகாகத்தான் ஓடிற்று. டாப்பிங் வேலை செய்கிற ஒரு தாய் முன்னால் வந்து கேட்டார்: "ஏனுங்க தம்பி, இந்த மிஷின் வந்துட்டா இப்ப அந்த வேலை செய்யறவங்க எங்கே போவாங்க?" விளக்கம் சொன்ன இளைஞன் நல்ல பையன்தான். சற்றுத் தயங்கி, "அது எங்களுக்குத் தெரியாதுங்க அக்கா, மில்லுக்காரங்கதான் முடிவு பண்ணணும்" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. அந்தக் கேள்வி அவனிடம் அதுவரை யாரும் கேட்காத கேள்வி. ஏனென்றால் கேட்க வேண்டியவர்கள் அந்த மண்டபத்தில் இல்லை.

யந்திரத்தை நாம் வெறுக்கவில்லை. கிரைண்டர் வந்து நம் தாய்மாரின் தோள்வலியைக் குறைத்தது. மோட்டார் வந்து மாட்டின் கழுத்துப் புண்ணை ஆற்றியது. மருந்து தெளிக்கும் டிரோன் வந்தால், விஷத்தைச் சுவாசித்து மயங்கி விழுகிற விவசாயத் தொழிலாளி பிழைப்பான். நல்லதுதானே! ஆனால் தெளிப்புக் கூலியை நம்பிய குடும்பத்துக்கு அந்த நாட்களில் அடுப்பு எப்படி எரியும்? யந்திரத்தால் மிச்சமாகிற பணத்தில் உழைப்பாளிக்குப் பங்கு உண்டா, புதிய வேலைக்குப் பயிற்சி உண்டா? இதைப் பேசாத தொழில்நுட்பக் கூட்டம் பாதிக் கூட்டம்தான்.

பேசாமல் விட்டால் என்ன ஆகும்? தேசிய ஜவுளிக் கழக மில்களைப் பாருங்கள். 2020 மார்ச் ஊரடங்கில் அவற்றின் ஓட்டம் நின்றது. நோய் தணிந்து ஊரெல்லாம் திறந்தபோதும் அந்தத் தொழிலாளர்களுக்குப் பழைய ஷிப்டு திரும்பவில்லை. 1888-ல் தொடங்கிய ஸ்டேன்ஸ் மில்லும் அவற்றில் ஒன்று. இந்த ஊரில் தொழில் பிறந்த இடமே ஓய்ந்து கிடக்க, புதுத்தொழில் பற்றி மாநாடு நடக்கிறது!

ஒற்றை லேத்துக்காரனும் உழைப்பாளியே

கணபதியிலும் பீளமேட்டிலும் ஒரே ஒரு லேத்தை வைத்துக்கொண்டு ஜாப் ஒர்க் செய்கிறவர்களை மறக்கக் கூடாது. பலர் மில்லிலும் பட்டறையிலும் கூலிக்கு நின்றவர்கள். 2016 நவம்பர் 8-ல் நோட்டு செல்லாமல் போனது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. 2020-ல் ஊரடங்கு. அடிமேல் அடி. இவற்றோடு, வேலை வாங்கிய பெரிய கம்பெனி மாதக் கணக்கில் பணம் தராமல் இழுக்கிறது.

அவர்களுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. 2006-ம் ஆண்டின் சிறுதொழில் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு தொழிலுக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான் கெடு. மீறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, கூட்டு வட்டியாகச் சேரும். மாநில சர்க்கார் அமைத்த குழுவிடம் புகார் செய்யலாம். கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்கிற கூட்டங்களில், "எங்கள் பில் எப்போது வரும்?" என்று நாலு பேர் சேர்ந்து எழுந்து கேட்கட்டும். தனி ஆள் கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயம் இருக்கிறது. சேர்ந்து கேட்டால் அந்தப் பயம் இல்லை.

நாம் என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, போக வேண்டும். தனித்தனியாகப் போனால் சுவரோரம் நின்றுவிட்டுத் திரும்புவோம். கோஷ்டியாகப் போக வேண்டும். ஜூலை மாதத்து விவசாயக் கண்காட்சிக்கு நிலக்காரர்கள் மட்டும் போனால் போதாது; களை எடுக்கிற பெண்களும் போய், அந்தக் களை யந்திரத்தைக் கையில் பிடித்துப் பார்த்து, கனம் அதிகம், பிடி சரியில்லை என்று சொல்ல வேண்டும்.

இரண்டாவது, மூன்று கேள்விகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதனால் யாருடைய வேலை போகும்? இதனால் யாருடைய கையும் காலும் தப்பும்? மிச்சமாகிற காசு யாருடைய பைக்குப் போகும்?

மூன்றாவது, உங்கள் யோசனையை எழுதி வையுங்கள். தேதி போட்டு, படம் வரைந்து வையுங்கள். மேடையில் காட்டிப் பெருமைப்படுவதற்கு முன்னால் காப்புரிமைக்கு மனுப் போடுங்கள். ஊரறியக் காட்டிவிட்ட பொருள் புதுமை இழந்துவிடும். பிறகு உரிமை கேட்பது கஷ்டம். முதலில் தற்காலிக மனு போட்டு, 12 மாதத்துக்குள் முழு மனுவைக் கொடுக்கச் சட்டத்தில் இடமுண்டு. அந்தப் பிட்டருக்கு இது தெரிந்திருந்தால், டீயோடும் வடையோடும் விஷயம் முடிந்திருக்காது. பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்காக மாநில சர்க்கார் 2022-ல் தொடங்கிய தனி முதலீட்டு நிதியைப் பற்றியும் சேரிப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

நான்காவது, கூட்டாகத் தொழில் நடத்த முடியும் என்பதை நம்புங்கள். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் மலையாள நாடு. அங்கே கோழிக்கோடு மாவட்டத்தில் ஊராளுங்கல் என்ற ஊர். சாதிக் கொடுமையை எதிர்த்ததற்காக வேலை மறுக்கப்பட்ட கூலிகள் 14 பேர் 1925-ல் ஒரு கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள். சாலை போட்டார்கள், பாலம் கட்டினார்கள். 2016-ல் அதே சங்கம் கோழிக்கோட்டில் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கான சைபர் பார்க்கைத் திறந்தது. மண்வெட்டி பிடித்தவர்களின் சங்கம் கம்ப்யூட்டர் மாளிகைக்குச் சொந்தக்காரனாயிற்று! அவர்களால் முடிந்தது, மோட்டாரும் பம்பும் செய்த கைகளால் முடியாதா?

தோழர்களே, நோட்டீஸ் காட்டிய தோழரின் மகன் அந்தச் சந்திப்புக்குப் போனான். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனான். திரும்பி வந்த தோழர் என்னிடம் சொன்னார்: "முக்கால்வாசி புரியலீங்க. ஆனா ஒருத்தன் ஸ்பின்னிங் மிஷின் பற்றித் தப்பாகச் சொன்னான். எழுந்து திருத்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தாங்க."

திரும்பிப் பார்க்கட்டும்! நாளை ஒருவர் எழுந்தால் பத்துப் பேர் எழ வேண்டும். இந்த ஊரின் தொழில் நம் கையில் பிறந்தது. அதன் நாளையைப் பற்றிப் பேசுகிற மண்டபத்தில் நமக்கும் நாற்காலி உண்டு. போய் உட்காருவோம்!