கூரையில் விழும் தண்ணீர்

திருத்தணியை ஒட்டிய நந்தியாறு கொசஸ்தலையாற்றில் கலந்து, 1944-இல் கட்டி முடித்த பூண்டி ஏரிக்கு வருகிறது. அங்கிருந்து சென்னைக்குக் குடிநீர். சரி, நம் கூரைத் தண்ணீர் எங்கே போகிறது? 1,000 சதுர அடி மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 900 லிட்டர்! 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது அவசர அவசரமாகக் குழாய் வைத்தோம். குழாய் இருக்கிறது, பல வீடுகளில் அந்தத் தண்ணீர் இறங்கும் குழிதான் தூர்ந்து கிடக்கிறது. ஐப்பசி பிறக்குமுன் குழியின் மூடியைத் திறந்து, மேலே படிந்த வண்டலை வழித்தெடுத்து, கூழாங்கல்லைக் கழுவிப் போடுங்கள். முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள். அதில் தூசியும் காக்கை எச்சமும்தான் வரும். சமையலறைத் தண்ணீரை மட்டும் அந்தக் குழியில் விடாதீர்கள், கிணறே நாறிப்போகும்.