பெறுபேறு வந்த பிறகு

(உயர்தர மாணவிகளுக்கான தொழில் வழிகாட்டல் நாளில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் உள்ள எங்கள் உறவுப் பிள்ளைகள் சிலர், பள்ளிப்படிப்பு முடிந்ததும் ஒரு வருடம் வேலை செய்து, ஊர் பார்த்து, அதன்பின் பல்கலைக்கழகம் போகிறார்கள். எங்களுக்கு அந்த இடைவெளி கேளாமலே வந்துவிடுகிறது. 2024 உயர்தரப் பரீட்சை நவம்பரில் தொடங்கியது. பெறுபேறு 2025 ஏப்ரலில் வந்தது. பிறகு விண்ணப்பம், வெட்டுப்புள்ளி, பதிவு என்று இன்னும் பல மாதங்கள். ஆகவே எங்கள் பிள்ளைகளின் கேள்வி வேறு: கிடைத்த துறைக்குப் போவதா, விரும்பிய துறைக்காக இன்னொரு வருடம் இருந்து மீண்டும் எழுதுவதா?

எல்லோருக்கும் பொருந்தும் விடை இதற்கு இல்லை. ஆனால் முடிவெடுக்குமுன் ஒன்றைக் கேளுங்கள்: இரண்டாம் முறை எது மாறப்போகிறது? பரீட்சை நேரம் சுகவீனமாக இருந்தேன், ஒரு பாடத்தில் மட்டும் சறுக்கிவிட்டேன் என்றால் மாற்றத்துக்கு இடமுண்டு. அதே ரியூசன், அதே குறிப்புக் கொப்பி, அதே படிக்கும் முறை என்றால், வருடம் மட்டுமே மாறும்.

இசட் புள்ளி என்பது உங்கள் புள்ளியை, அந்த வருடம் அதே பாடம் எழுதிய மற்றவர்களின் புள்ளிகளோடு ஒப்பிட்டு வருவது. வெட்டுப்புள்ளியோ மாவட்டத்துக்கு மாவட்டம், வருடத்துக்கு வருடம் வேறுபடும். இந்த வருட வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றவருக்கு அடுத்த வருடம் இடம் நிச்சயம் என்று யாரும் சொல்ல முடியாது. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைதான் என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு துறையில் பதிவு செய்துவிட்டால், பின்னொரு முறை எழுதி வேறு துறைக்கு வரலாம் என்று எண்ணிவிடவும் வேண்டாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் அதுபற்றிய விதியைப் பதிவுக்கு முன்பே நீங்களே வாசியுங்கள்.

கிடைத்த துறையை வேண்டாம் என்று சொல்லுமுன் அதை அறிந்து கொள்ளுங்கள். மருத்துவபீடத்தை எதிர்பார்த்த பிள்ளைக்குச் சித்த மருத்துவமோ, தாதியியலோ, மருந்தகவியலோ, மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானமோ கிடைக்கலாம். அங்கே படிக்கும் ஓர் அக்காவோடு அரை மணிநேரம் கதையுங்கள். அதன்பின்னும் மனம் ஒப்பவில்லையென்றால், மீண்டும் எழுதுவது பிடிவாதம் அல்ல. ஒப்பினால், உடனே போவது தோல்வியும் அல்ல.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மகன் மீண்டும் எழுதினால் "படிக்கிறான்" என்கிறோம். மகள் மீண்டும் எழுதினால் "வீட்டிலதானே நிக்கிறாள்" என்கிறோம். சமையல், அம்மம்மாவின் மருந்து, தம்பியின் பாடம் எல்லாம் அவள் தலையில் வந்து சேரும். சாதகக் குறிப்பும் வெளியே வரும். அவளுக்கு ஒரு வருடம் கொடுப்பதென்றால் அதன் நேரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். முடியாதென்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்; அவள் அதையும் கணக்கில் எடுத்து முடிவு செய்வாள்.

தங்கைமாரே, இருப்பதென்று முடிவு செய்தால், எத்தனை தடவை, எந்தத் திகதிவரை என்று இன்றே எழுதி வையுங்கள். பக்கத்தில் ஒரு கணினிப் பயிற்சியோ ஆங்கில வகுப்போ இருக்கட்டும். பெறுபேறு எப்படி வந்தாலும் அந்த வருடத்தில் கற்றது கையில் நிற்கும்.

நிறைவாக, எங்கள் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதும் பிள்ளை சீருடையைக் கழற்றிய அன்றே பாடசாலைக்கு வெளியாளாகி விடுகிறாள். வாரத்தில் ஒரு பின்னேரமாவது அவளுக்காக நூலகத்தைத் திறந்து வைத்து, எங்களில் ஒருவர் அங்கே இருப்போம். நூற்றாண்டு காணும் பாடசாலை, தன் வாசலில் தயங்கி நிற்கும் பிள்ளையை உள்ளே கூப்பிட வேண்டும்.