அப்டேட் நம் வாசலைத் தட்டாது

(தோட்டக் கமிட்டியின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, காணி பற்றிப் பேசும் கூட்டத்தில் இந்த டீச்சர் ஏன் கம்பியூட்டர் பற்றிப் பேச வந்திருக்கிறார் என்று சிலர் நினைக்கலாம். நம் உழைப்பின் காசு இப்போது அந்த வழியாகவும் போகிறது. அதனால்தான் பேசுகிறேன்.

நம் பக்கத்தில் ஒரு குடும்பம். அம்மா கொழுந்து எடுக்கிறார். மூத்த மகன் கொழும்பில் கடையில் வேலை. தங்கச்சியின் உயர்தரப் படிப்புக்காக அவர் பழைய லெப்டொப் ஒன்று வாங்கிக் கொடுத்தார். ஒரு நாள் இரவு அந்தப் பிள்ளை கடந்தகால வினாத்தாள் தேடிக்கொண்டிருந்தபோது திரையில் ஓர் அறிவித்தல் வந்தது. ‘உங்கள் பிரவுசர் பழையது, உடனே அப்டேட் செய்யுங்கள்’ என்று இருந்தது. பிள்ளை பொத்தானை அழுத்தியது. ஒரு ஃபைல் இறங்கியது. அதையும் திறந்தது. வேறொன்றும் நடந்ததாகத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, அண்ணனின் பேஸ்புக்கிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் செய்தி போனது: ‘ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், அவசரமாகக் காசு போடுங்கள்.’ லீவில் வந்தபோது அவர் அந்த லெப்டொப்பில் பேஸ்புக் திறந்து, பாஸ்வேர்டையும் அதிலேயே பதிந்து வைத்திருந்தார். அப்டேட் என்ற பெயரில் வந்த ஃபைல் அதைத் திருடிவிட்டது. வீட்டு வேலை செய்யும் சித்தி செய்தியை நம்பிக் காசு போட்டுவிட்டார். அரை மாத உழைப்பு போனது.

அந்தப் பிள்ளைக்கு முதல் நாளே சந்தேகம் வந்திருக்கிறது. ஏசுவார்கள் என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை. திருடனுக்குக் கிடைத்த பெரிய உதவி அந்த மௌனம்தான்.

இதைக் கேட்டுவிட்டு, “இனி அப்டேட்டே வேண்டாம்” என்று முடிவெடுக்காதீர்கள். உண்மையான அப்டேட் கூரைத் தகரத்தின் ஓட்டையை அடைப்பது போன்றது. 2017 மே மாதம் வன்னாகிரை என்ற வைரஸ் உலகமெங்கும் கம்பியூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் ஆஸ்பத்திரிகள்கூடத் தடுமாறின. அது நுழைந்த ஓட்டைக்கான அப்டேட்டை மைக்ரோசொப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. அதைப் போடாத கம்பியூட்டர்கள்தான் மாட்டிக்கொண்டன.

அப்படியென்றால் உண்மை எது, பொய் எது? ஒருவன் லயத்து வாசலுக்கு வந்து, “ஆபிஸிலிருந்து வருகிறேன், ஈ.பி.எஃப். காகிதத்தையும் அடையாள அட்டையையும் கொடுங்கள்” என்றால் கொடுப்போமா? நாமே ஆபிஸுக்குப் போய்க் கேட்போம். அப்டேட்டும் அப்படித்தான். இணையப் பக்கம் பார்க்கும்போது அந்தப் பக்கத்துக்குள் வந்து கூப்பிடும் அப்டேட்டை நம்பாதீர்கள். அதை மூடிவிட்டு, அதற்குரிய இடத்துக்கு நீங்களே போய்ப் பாருங்கள்.

விண்டோஸுக்கு அந்த இடம் செட்டிங்ஸுக்குள் இருக்கும் ‘விண்டோஸ் அப்டேட்’. குரோம் பிரவுசருக்கு மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, ‘ஹெல்ப்’ போய், ‘அபௌட் கூகுள் குரோம்’ திறவுங்கள். அப்டேட் இருந்தால் அதுவே போட்டுக்கொள்ளும். இரண்டுமே இலவசம்.

திருடர்களின் சில முகங்களைச் சொல்கிறேன், பிள்ளைகள் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, ‘ஃபிளாஷ் பிளேயர் அப்டேட்’. அந்த ஃபிளாஷ் பிளேயரை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31 உடன் நிறுத்திவிட்டது. இன்று அதற்கு அப்டேட் என்று வந்தால் பொய்தான்.

இரண்டு, திரை முழுவதும் சிவப்பாகி, சத்தம் போட்டு, ‘இந்த இலக்கத்துக்கு அழையுங்கள்’ என்பது. மைக்ரோசொப்டின் உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி இலக்கம் இருக்காது. அழைத்தால், கம்பியூட்டரைத் தூரத்திலிருந்து இயக்கும் எனிடெஸ்க் போன்ற ஒன்றைப் போடச் சொல்லி உள்ளே வருவார்கள்.

மூன்று, ‘விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் அழுத்துங்கள், பிறகு கொன்ட்ரோல் வி, பிறகு என்டர்’ என்று படிப்படியாகச் சொல்வது. திருடனுடைய கட்டளையை நம் கையாலேயே போட வைக்கும் தந்திரம் இது. எந்த அப்டேட்டுக்கும் இப்படிச் செய்யத் தேவையில்லை.

நான்கு, ‘உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது, காசு கட்டுங்கள்’ என்பது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது உண்மை. நம் வீடுகளில் இருக்கும் பழைய லெப்டொப்கள் பலவற்றில் அதுதான் இருக்கிறது. அந்த உண்மையை வைத்தே பயமுறுத்துகிறார்கள். ஆதரவு முடிந்தாலும் கம்பியூட்டர் நின்றுவிடாது. புதிய விண்டோஸ் அதற்குப் பொருந்துமா என்பதையும் அதே ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கத்திலேயே பார்க்கலாம்.

திரை மூடாமல் அடம்பிடித்தால் பதறாதீர்கள். எஸ்கேப் பொத்தானைச் சற்று அழுத்திப் பிடியுங்கள், அல்லது ஆல்ட், எஃப்4 இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். அதுவும் சரிவராவிட்டால் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். திரும்பப் போட்டதும், பழைய பக்கத்தைத் திறக்கவா என்று பிரவுசர் கேட்டால் வேண்டாம் என்று விடுங்கள்.

ஃபைலைத் திறந்தே விட்டீர்களா? முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு போனிலிருந்து மின்னஞ்சல், பேஸ்புக், வங்கி பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். மற்றக் கருவிகள் எல்லாவற்றிலிருந்தும் வெளியேறும்படி அங்கேயே செய்யுங்கள். வங்கிக்கு அழையுங்கள். ஓ.டி.பி. இலக்கத்தை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். தெரிந்த ஒருவர் லெப்டொப்பைச் சுத்தம் செய்து தரும்வரை அதில் எந்தக் கணக்கையும் திறக்காதீர்கள். இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு 101 இலக்கத்தில் அழைக்கலாம். காசு போயிருந்தால் பொலிஸிலும் முறைப்பாடு செய்யுங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி இது குற்றம்.

பெற்றோருக்குக் கடைசியாக ஒன்று. நம் தாத்தா பாட்டிமார் வாசிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்தார்கள். அதற்காக அவர்களை யாரும் குற்றம் சொல்வதில்லை, ஏமாற்றியவனைத்தான் சொல்கிறோம். பிள்ளை தவறாக அழுத்திவிட்டாலும் அப்படியே பாருங்கள். “சொன்னது நல்லது” என்று முதலில் சொல்லுங்கள். சம்பளத்தில் வெட்டு விழுந்தால் ஒளித்து வைக்காமல் கமிட்டிக்கு வருகிறோம் அல்லவா? இதையும் கொண்டு வாருங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பாடசாலை திறந்திருக்கும். லெப்டொப் வைத்திருப்பவர்கள் சார்ஜரோடு வாருங்கள். ‘விண்டோஸ் அப்டேட்’ எங்கே இருக்கிறது என்பதைச் சேர்ந்திருந்து பார்ப்போம். ஏற்கனவே எதையாவது அழுத்திவிட்டவர்களும் வாருங்கள். அவர்களைத்தான் முதலில் பார்ப்பேன்.