நாககின் கோபுரம் தரும் பாடம்



நகரங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகிவரும் இந்நாளில், அவற்றைக் கட்டுவதில் காட்டும் அக்கறையைப் பேணுவதிலும் காட்டுகிறோமா என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இதற்குத் தக்க சான்றாக, ஜப்பானில் எழுந்து மறைந்த ஒரு கட்டிடத்தின் வரலாற்றை எடுத்துரைக்க விரும்புகிறேன்.

உயிருடலில் பழைய உயிரணுக்கள் நீங்கிப் புதியவை தோன்றுவது போல, நகரங்களும் பகுதி பகுதியாகப் புதுப்பிக்கப்படல் வேண்டும் என்னும் கொள்கையை 1960-இல் ஜப்பானியக் கட்டிடக் கலைஞர் சிலர் முன்வைத்தனர். அதற்கு ‘வளர்சிதை மாற்றம்’ என்றே பெயரிட்டனர். அவர்களுள் ஒருவரான கிஷோ குரோகாவா, அக்கொள்கைக்கு வடிவம் தந்து, டோக்கியோ நகர மையத்தின் கின்சா வட்டாரத்தில் 1972-இல் நாககின் காப்ஸ்யூல் கோபுரத்தை எழுப்பினார்.

11 மாடிகளும் 13 மாடிகளும் கொண்ட இரு தூண் போன்ற கோபுரங்களில், தொழிற்சாலையில் செய்து கொணர்ந்த 140 சிற்றறைகள் பொருத்தப்பட்டன. ஒவ்வொன்றையும் தாங்கியவை நான்கு போல்ட்டுகளே. ஏறத்தாழ 10 சதுர மீட்டர் பரப்புள்ள அறையில் கட்டில், மேசை, குளியலறை, வட்டச் சாளரம் ஆகியன அமைந்திருந்தன, சமையலறை இல்லை. 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய அறைகளைக் கழற்றிப் புதியன பொருத்துவதே திட்டம்.

ஆனால், ஓர் அறையேனும் அவ்வாறு மாற்றப்படவில்லை. ஒவ்வோர் அறைக்கும் தனித்தனி உரிமையாளர் இருந்தனர். கீழுள்ள அறையை எடுக்க மேலுள்ளவற்றையும் அகற்ற வேண்டியிருந்தது. ஆகவே பலருடைய இசைவும் பெரும் பணமும் ஒருங்கே தேவைப்பட்டன, இரண்டும் கைகூடவில்லை. குழாய்கள் பழுதுற்றன, மழைநீர் கசிந்தது, கல்நார் கலந்த பொருள்கள் பழுதுபார்ப்பதை மேலும் கடினமாக்கின. 2007-இல் உரிமையாளர்கள் இடிப்பதற்குத் தீர்மானித்தனர். அறைகளை மட்டும் மாற்றினால் போதும் என்று வாதிட்ட குரோகாவா அவ்வாண்டே காலமானார். தாமதங்களுக்குப் பின் 2022-இல் கோபுரம் இடிக்கப்பட்டது. 23 அறைகள் மட்டும் காக்கப்பட்டன.

பொறியியல் வகுத்த வழியை நிருவாகம் பின்தொடரவில்லை என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மை. நம் நாட்டு அடுக்குமாடிகளிலும் வீடு தனியுடைமை; நிலமும் மாடிப்படியும் குழாயும் பொதுவுடைமை. பழுது நேர்ந்த பின்னர் பணம் திரட்ட முனைவதினும், குடியேறும் நாள்தொட்டே பராமரிப்பு நிதி சேர்ப்பதும், பெரும் பழுதுகளுக்கு முடிவெடுக்கும் முறையை முன்கூட்டியே எழுதி வைப்பதும் அறிவுடைமை. வரைபடத்தில் இவற்றுக்கும் இடமளிப்போமாக.