இல்லறத்தில் கொலை: ஆணும் பெண்ணும்



நமக்கு அண்மையிலுள்ள இராயபுரத்தில் 1952 ஆம் ஆண்டு நிகழ்ந்த ஆளவந்தார் கொலையை மூத்தோர் அறிவர். ஒரு பெண்ணும் அவள் கணவனும் அவளுடைய முன்னாள் காதலரைக் கொன்றதற்காகத் தண்டிக்கப்பட்ட வழக்கு அது. இத்தகைய வழக்குகளே கதைகளாக நிலைப்பதால், காதலிலும் இல்லறத்திலும் ஆணைப் போலவே பெண்ணும் கொல்கிறாள் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று.

ஐக்கிய நாடுகள் அமைப்பின் கணக்குப்படி, 2023 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 51,100 பெண்களும் சிறுமியரும் கணவன், காதலன் அல்லது குடும்பத்தாரால் கொல்லப்பட்டனர். கொலையுண்ட பெண்களில் நூற்றுக்கு 60 பேர் இவ்வாறு மாண்டனர். ஆண்களில் நூற்றுக்கு 12 பேர் மட்டுமே.

காரணங்களும் வேறுபடுகின்றன. மனைவியைத் தன் உடைமையென்று கருதும் ஆண், ஐயத்தினாலோ அவள் பிரிந்து செல்லத் துணிந்ததாலோ கொல்கிறான். கணவனைக் கொல்லும் பெண்களுள் பலரோ பல்லாண்டுக் காலம் அடியும் உதையும் பட்டவர்கள்.

திடீர்ச் சினத்தால் செய்த கொலைக்குத் தண்டனையைக் குறைக்கும் விதி 1860 ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. ஆனால் நாட்பட்ட துன்பம் அவ்விதியில் எளிதில் அடங்குவதில்லை. இங்கிலாந்தில் கணவனின் கொடுமையைப் பத்தாண்டுகள் பொறுத்து, 1989 இல் அவனைத் தீயிட்டுக் கொன்ற கிரண்ஜித் அலுவாலியா ஆயுள் தண்டனை பெற்றார். மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு நீக்கப்பட்டு, 1992 இல் விடுதலையானார். நம் சென்னை உயர் நீதிமன்றமும் 1989 இல் ஒரு தாயின் வழக்கில், நீண்டநாள் துன்பமும் ஒருவரைக் கொலைக்குத் தூண்டக்கூடும் என ஏற்றது.

கொலையை நான் நியாயப்படுத்தவில்லை. வெளியேற வழியிருந்தால் இரு உயிர்களும் பிழைக்கும் என்கிறேன். மணமுறிவு உரிமையையும் உள்ளடக்கிய இந்து சட்டத் தொகுப்பு முடக்கப்பட்டதனாலும் அண்ணல் அம்பேத்கர் 1951 இல் அமைச்சர் பதவியைத் துறந்தார். பின்னர் 1955 இல் அவ்வுரிமை சட்டமாயிற்று. 2005 இல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் வந்தது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதுமா?

இளைஞர்களே, அண்டை வீட்டில் அலறல் கேட்டால், ‘அது அவர்கள் குடும்ப விவகாரம்’ என்று கதவைச் சாத்தாதீர்கள். 181 என்னும் எண்ணுக்குத் தெரிவியுங்கள். பிறந்தகம் திரும்பும் சகோதரியை, ‘பொறுத்துப் போ’ என்று அடிப்பவனிடமே அனுப்பாதீர்கள். மனைவி உடைமையல்லள், உயிர் என்று உணர்வதே கல்வியின் முதற்பயன்.