நாடாவிலிருந்து இறுவட்டுக்கு

ஹட்டனைச் சூழ்ந்த மலைகளில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால், லயத்துச் சுவர்களில் ஈரம் எளிதில் உலர்வதில்லை. தேயிலைக் கொழுந்துக்கு உகந்த அவ்வீரமே வீடியோ நாடாவுக்குப் பகையாகும். திருமணமும் பூப்புனித நீராட்டு விழாவும் மாசி மாதத்துக் காமன் கூத்தும் பதிந்த நாடாக்கள், பெட்டியடியில் கிடந்தே பூசணம் பூத்துவிடும். அவற்றை ஓட்டும் பொறியும் அரிதாகிவிட்டது. அதனை இறுதிவரை செய்துவந்த ஜப்பானியப் பூனாய் நிறுவனம் 2016 யூலையில் உற்பத்தியை நிறுத்திற்று. ஆகவே, நாடாவிலுள்ளதை இறுவட்டுக்கு மாற்ற விரும்புவோர் காலம் தாழ்த்துதல் தகாது. பூசணம் பூத்த நாடாவைத் துப்புரவு செய்யாது ஓட்டினால், பொறியும் பழுதாகும். அடுத்து இடப்படும் நாடாவும் கெடும்.

வழக்கமான நாடா ஒன்று 3 மணிநேரம் ஓடும். எழுதத்தக்க டிவிடி இறுவட்டு ஒன்றோ 470 கோடி பைற்று கொள்ளும். ஒரு மணிநேரப் படத்தை அதில் அமைத்தால், ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 1 கோடி பிற்று கிடைக்கும். 3 மணிநேரத்தையும் திணித்தால் 35 இலட்சமே எஞ்சும். மணவறையில் அசையாது அமர்ந்திருக்கும் மணமக்களுக்கு அது போதியதாகலாம். ஏனெனில் ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்குமுள்ள வேறுபாட்டையே கணினி பெரிதும் எழுதிக்கொள்கிறது. காமன் கூத்தின் நிலையோ வேறு. நள்ளிரவு, தீப்பந்தம், தப்பின் கதிக்கேற்ற ஆட்டம் என எல்லாம் நொடிதோறும் மாறுவன. போதாக்குறைக்கு, பழைய நாடாவின் புள்ளியிரைச்சலும் அசைவெனக் கொள்ளப்பட்டு இடத்தைத் தின்னும். விளைவு, மன்மதனின் முகம் சதுரக் கட்டங்களாகச் சிதறுதலே.

இதற்கு ஒரு வழி உண்டு. முழு அகலமாகிய 720 புள்ளிகளுக்குப் பதிலாக 352 புள்ளிகளில் பதிதலையும் டிவிடி முறை அனுமதிக்கிறது. வீட்டு நாடாவில் நுண்மை குறைவாதலால் இழப்புப் பெரிதன்று. எனினும், கூத்தை இரண்டு இறுவட்டுகளில் பகிர்ந்தமைத்தலே சாலச் சிறந்தது. பாட்டின் நடுவே அறுக்காது, ஒரு காட்சி முடியுமிடத்தில் பிரித்தல் வேண்டும். இடமில்லையென்று கூத்து வாத்தியாரின் நீண்ட விருத்தத்தை வெட்டியெறிவோரும் உளர். அவருக்குப்பின் அதனை அறிந்தவர் எவருமில்லையெனில், வெட்டியது மீளாது.

எழுதும்போது ஒளிக்கதிர், இறுவட்டின் சாயப் படலத்தைச் சுட்டுக் குறியிடுகிறது. மிகுவேகத்தைத் தவிர்த்து எழுதி, முடிவில் வட்டை மூடும் கட்டளையையும் கொடுத்தல் வேண்டும். அன்றேல் வீட்டு டிவிடி பொறிகள் பல அதனைப் படியா. அச்சாயம் வெயிலில் மங்கும். குமிழ்முனைப் பேனாவின் கீறலையும் தாங்காது. ஆதலால் ஒரு பிரதியைக் கணினி வன்தட்டிலும், மற்றொன்றைக் கொழும்பிலோ கோத்தகிரியிலோ உள்ள உறவினர் வீட்டிலும் வைத்தல் நலம். மூல நாடாவையும் எறிந்துவிடலாகாது. முழுவதும் சுற்றி, அடுப்புப் புகை அணுகாத உலர்ந்த இடத்தில் நிமிர்த்தி வைத்தல் வேண்டும்.