கீரையும் கிழங்கும்



திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கிச் செல்லும் கடைத்தெருவுக்குச் சாலை என்று பெயர். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர்த் திவானாக விளங்கிய ராஜா கேசவதாஸ் இச்சந்தையை அமைத்தார் என்பர். தமிழ் வணிகர் குடும்பங்கள் பல, தலைமுறை தலைமுறையாக இங்கே கடை வைத்து வாழ்கின்றன. 2021இல் மறைந்த எழுத்தாளர் ஆ. மாதவன் இத்தெருவில் கடை நடத்திக்கொண்டே இங்கு நடமாடும் மாந்தரைத் தம் கதைகளில் உலவ விட்டார். 1956 நவம்பர் முதல் நாளன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு இடம் மாறிற்று. காய்கறி வண்டிகள் மட்டும் அக்கோட்டைப் பொருட்படுத்தியதில்லை. எங்களைப் போல உத்தியோக நிமித்தம் இவ்வூருக்கு வந்த தமிழ்க் குடும்பங்களுக்குச் சாலை, காய் வாங்கும் இடம் மாத்திரம் அன்று; ஊர்ப் பேச்சைக் காதாரக் கேட்கும் இடமுமாகும்.

இன்று உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள் ஓர் அயல்நாட்டுக் கீரைச் சமையல். அது எங்கள் வீட்டு அடுப்புக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் தாயார் தாமிரவருணிக் கரையில் எழுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர். தந்தையார் காலமான பின்னர் எங்களோடு வந்து தங்கினார். இவ்வூரின் பருத்த சிவப்பரிசிச் சோறு அவருக்குப் பிடிக்கவில்லை. தேங்காயெண்ணெய்த் தாளிப்பின் மணம் அதைவிடப் பிடிக்கவில்லை. ஊரிலிருந்தே அரிசி வரவழைத்தோம். அப்போதும் இரண்டு கவளத்தோடு கையைக் கழுவிவிடுவார். பற்களும் பெரும்பாலும் போய்விட்டன. ஆறு மாதத்தில் எடை கண்கூடாகக் குறைந்தது. கீரை, கிழங்கு முதலியவற்றை நன்கு குழைய வேகவைத்துக் கொடுங்கள் என்றார் மருத்துவர். கொடுத்தோம், தட்டு அப்படியே திரும்பி வந்தது. பிள்ளைகள் சாப்பிடாவிட்டால் அதட்டலாம். பெற்றவளை எப்படி அதட்டுவது?

அந்நாட்களில்தான் மொழிபெயர்ப்புக்காக ஒரு பயணக் குறிப்பு எங்கள் மேசைக்கு வந்தது. அட்ரியாட்டிக் கடலோரத்தில் டால்மேஷியா என்றொரு பகுதி உண்டு. 1991இல் யுகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்து தனிநாடான குரோவேஷியாவைச் சேர்ந்தது அது. அங்கே வீடுதோறும் சமைக்கப்படும் எளிய உணவு 'பிளித்வா'. கீரை, உருளைக்கிழங்கு, பூண்டு, ஆலிவ் எண்ணெய், உப்பு, இவ்வளவுதான். சுட்ட மீனுக்குப் பக்கத்துணையாக அதை வைப்பது வழக்கம். பல்லில்லாதவர்க்கும் ஏற்ற உணவு என்பது படித்தவுடனேயே எங்களுக்குப் பட்டது.

ஆனால் அந்தக் கீரைக்குத் தமிழில் என்ன பெயர் எழுதுவது? ஆங்கிலத்தில் அதற்குச் 'சுவிஸ் சார்ட்' என்று பெயர்; சுவிட்சர்லாந்து அதன் தாயகமும் அன்று. உடனிருந்த நண்பர், "பசலை என்று போட்டுவிடுங்கள்" என்றார். இவ்விடத்தில் எங்கள் தொழிலின் பழைய குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. 'ஸ்பினாச்' என்று வரும் இடமெல்லாம் பசலை என்று எழுதிவிடுவது மொழிபெயர்ப்பாளர்களிடையே நெடுநாளாக இருந்துவரும் பழக்கம். நாங்களும் எழுதியிருக்கிறோம். நம் பசலையோ பந்தலில் படரும் கொடி. வழவழப்பான தடித்த இலையுடையது. அது வேறு, ஸ்பினாச் வேறு, இந்தச் சார்ட் வேறு.

சார்ட் என்பது பீட்ரூட்டின் உடன்பிறப்பு. ஐரோப்பியக் கடலோரங்களில் தானே முளைக்கும் ஒரு காட்டுச் செடியிலிருந்து வேருக்காகப் பேணியது பீட்ரூட் ஆயிற்று. சர்க்கரைக்காகப் பேணியது சர்க்கரைக் கிழங்காயிற்று. இலைக்காகப் பேணியது சார்ட் ஆயிற்று. மூன்றும் தாவர நூலார் கணக்கில் ஒரே இனம். பிளித்வா என்ற சொல்லோ, 'பிளிடம்' என்னும் பழைய இலத்தீன்ப் பெயரோடு உறவுடையது என்பர். அப்பெயர் இன்று நம் தண்டுக்கீரையின் நெருங்கிய உறவான கீரையொன்றின் தாவரப் பெயரில் நிலைத்திருக்கிறது. கிரேக்கர்களும் அவ்வகைக் கீரையை ஏறத்தாழ அதே பெயரால் இன்றும் அழைக்கின்றனர்.

இந்தச் சொல்லாராய்ச்சியை நம்பித்தான் முதலில் ஏமாந்தோம். சாலையில் எங்கு நோக்கினும் 'சீர' என்று மலையாளிகள் வழங்கும் சிவப்புக்கீரை கட்டுக் கட்டாகக் குவிந்திருக்கும். அதையே வாங்கிக் கிழங்கோடு வேகவைத்தோம். கீரையின் சாயம் முழுவதும் உருளைக்கிழங்கில் இறங்கிற்று. தாயார் தட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "இது என்ன, ஹோலிப் பண்டிகையா?" என்று கேட்டுவிட்டு மோருஞ்சோறும் உண்டு எழுந்துவிட்டார்.

மறுவாரம் சாலையில் கீரை விற்கும் அம்மாள் ஒருவரிடம், பீட்ரூட்டை இலையோடு தர இயலுமா என்று விசாரித்தோம். நாகர்கோவில் பக்கத்தவர், தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் பேசுபவர். "இலையைப் பறிச்சுப் போட்டுட்டுத்தான் சாரே மூட்டை கட்டுறாங்க. அதுக்கு எதுக்கு அலையுறீங்க? இந்தப் பாலக் அதே ருசிதானே!" என்று ஒரு கட்டை நீட்டினார்.

அவர் நாவினால் அறிந்து சொன்னதை நாங்கள் வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டித்தான் உறுதி செய்துகொண்டோம். நம் நாட்டில் பாலக் என்னும் பெயரால் விற்கப்படுவன இரண்டு. ஒன்று மெய்யான ஸ்பினாச். வட நாட்டில் விலாயதி பாலக் என்பார்கள். மற்றொன்று நாட்டுப் பாலக். அது பீட்ரூட் இனத்திலேயே வங்காளத்தின் பெயரைத் தாங்கிய ஒரு வகை. ஆகவே பிளித்வாவுக்கு ஏற்ற கீரை இந்தியச் சந்தைகளிலேயே இருந்து வந்திருக்கிறது. தில்லியிலும் கல்கத்தாவிலும் இருக்கும் நேயர்களுக்கு இது கிடைப்பதில் சிரமமே இராது.

செய்முறையைச் சொல்கிறோம். நால்வருக்குக் கீரை அரைக் கிலோ, உருளைக்கிழங்கு கால் கிலோ, பூண்டு ஐந்தாறு பல். கிழங்கைத் தோல் சீவித் துண்டாக்கி உப்பு நீரில் வேகவிடுங்கள். முக்கால் பதம் வெந்ததும் கீரைத் தண்டை நறுக்கிப் போடுங்கள்; இரண்டு நிமிடம் கழித்து இலையைப் போடுங்கள். இலை துவண்டு கிழங்கு மசியும் பதம் வந்தவுடன் நீரை வடித்துவிட வேண்டும். வேறொரு சட்டியில் மூன்று நான்கு மேசைக்கரண்டி எண்ணெயை மெல்லிய தீயில் காய்ச்சி, நறுக்கிய பூண்டை இடுங்கள். பூண்டு சிவந்தால் கசக்கும். மணம் எழுந்தவுடன் கீரையையும் கிழங்கையும் கொட்டிக் கரண்டியின் பின்புறத்தால் அரைகுறையாக மசியுங்கள். முற்றும் மசித்தால் களியாகிவிடும். பஞ்சாபியரின் ஆலு பாலக் இதற்கு உறவு போலத் தோன்றலாம். ஆனால் இதில் வெங்காயமும் இல்லை, தக்காளியும் இல்லை, மசாலையும் இல்லை. கீரை கீரையாகவே ருசிக்கும்.

கீரை நீரை வடித்துக் கொட்டுவதைக் கண்டு தாயாருக்கு மனம் ஒப்பவில்லை. சத்தெல்லாம் சாக்கடைக்குப் போகிறதே என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. நீரில் கரையும் உயிர்ச்சத்துக்களில் ஒரு பங்கு போகத்தான் செய்கிறது. ஆயினும் பாலக், பீட்ரூட் இலை ஆகியவற்றில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி. சிறுநீரகக் கல்லுக்கு இடம் கொடுக்கும் அப்பொருளில் ஒரு பகுதி வடித்த நீரோடு போய்விடும். கல் தொல்லை உடையவர்கள் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும்.

முதல் நாள் ஆலிவ் எண்ணெயில் செய்தோம். சிறு புட்டி, பெரிய விலை. தாயார் ஒரு வாய் உண்டு, "எண்ணெய்க்கு வாசமே இல்லை" என்றார். மறுபடியும் தோற்றோம் என்றே எண்ணினோம். ஆனால் மறுநாள் காலையில் அவர் அடுக்களைக்குள் வந்து நின்றார். இவ்வூருக்கு வந்தபின் அவர் அடுப்பருகே வந்தது அன்றுதான். மண்சட்டியை எடுக்கச் சொன்னார். நல்லெண்ணெயை ஊற்றினார், வற்றல் மிளகாய் இரண்டைக் கிள்ளிப் போட்டார், பூண்டைத் தட்டிப் போட்டார். கரண்டி உதவாது என்று சொல்லிக் கீரை கடையும் மத்தைத் தேடினார். எங்கள் வீட்டில் மத்து இல்லை. அதற்கும் வசவு கிடைத்தது. அன்று அவர் கேட்டு வாங்கி இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டார்.

டால்மேஷியக்காரர் ஒருவர் அதை உண்டால் பிளித்வா என்று ஒப்புக்கொள்வாரோ, மாட்டாரோ? மிளகாயைக் கண்டு திகைக்கக்கூடும். மூலத்தைவிட்டு விலகிய மொழிபெயர்ப்பு என்று எங்கள் மேலதிகாரி கூடச் சொல்லுவார். எங்களுக்கு அன்று அந்தக் கவலை எழவில்லை. பயணக் குறிப்பில் கீரையின் பெயரைச் 'சார்ட் என்னும் பீட்ரூட் இனக் கீரை' என்று எழுதி அனுப்பிவிட்டோம். நீளமென்று யாரும் திருத்தவில்லை.

தாயாரின் எடை இன்னும் கூடவில்லை. குறைவது மட்டும் நின்றிருக்கிறது. வாரம் இருமுறை கீரையும் கிழங்கும் அவர் பொறுப்பு. சாலைக்கும் அவரே வருகிறார். மத்து அங்கேதான் ஒரு பாத்திரக்கடையில் கிடைத்தது. கீரைக்கார அம்மாளும் அவரும் கட்டுக்கு ஐந்து ரூபாய் கூடுதலா குறைவா என்று தொடங்கி, மணக்கரையில் யார் வீட்டில் யாருக்குக் கலியாணம் என்பதுவரை போய்விடுகிறார்கள். நாங்கள் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறோம்.